சாக்குக்கட்டி தின்றவள்

1959 நவம்பர் 23, திங்கள்

மண் தின்பதால் இரத்தம் குறைகிறதா, இரத்தம் குறைந்ததால் மண் தின்கிறார்களா? தெரியவில்லை. பி.எஸ்ஸி., எல்.டி. முடித்து இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் தெரியவில்லை.

விடிந்ததிலிருந்து தூறல். ஏழாம் வகுப்பில் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று. ஏரி முக்கால் நிறைந்துவிட்டதாம்.

காலையில் சீக்கிரமே பள்ளிக்கு. என் அறையில் பெருக்குகிற அஞ்சலை. துடைப்பம் கக்கத்தில், வாயோரம் வெள்ளை. சாக்குக்கட்டி தின்றுகொண்டிருந்தாள். எட்டாம் மாதம். என்னைப் பார்த்ததும் முழுங்கிவிட்டாள்.

"பெட்டி பெட்டியா எங்கே போகுதுன்னு இப்பதான் தெரியுது."

"மன்னிச்சிடுமா டீச்சரம்மா. வாயி சும்மா இருக்க மாட்டேங்குது. ஏரி மண்ணு துண்ணுக்கினு இருந்தேன், மழையில அது சேறாப் பூட்ச்சு. இது மொறுமொறுன்னு கீது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெட்டிக்குப் பூட்டு. சாவி என்னிடம்.

நவ. 24, செவ்வாய்

சாக்குக்கட்டித் தூளில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தேன். நுரைக்கவில்லை. அப்படியானால் சுண்ணாம்பு இல்லை, ஜிப்சம். விஷமில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆசிரியைகள் அறையில் பேச்சு முழுக்க இதுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதவை: பப்பாளி, எள், கிரகணம், உச்சிவேளையில் ஏரிக்கரை. ஆகாது என்று யாரும் சொல்லாதவை: கிணற்றில் இருபது குடம் இழுப்பது, வெற்றிலையோடு புகையிலை, நாள் முழுக்கக் குனிந்து நடவு. நானும் சாக்குக்கட்டியை மட்டும்தான் சொன்னேன்.

வாங்க: சிவப்பு மை, விளக்குத் திரி, முட்டிவலித் தைலம்.

நவ. 26, வியாழன்

வெயில், புழுக்கம். திங்கள்கிழமை இன்ஸ்பெக்ஷன். பதிவேடுகள் பாக்கி.

மதியம் கிணற்றடியில் அஞ்சலை. சட்டியிலிருந்த கூழில் பாதியைக் காக்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பசிக்கலையா?"

"பசிக்காம இன்னா? கபகபன்னு கீது."

"அப்புறம் ஏன் கொட்டறே?"

இரண்டு வருடம் முன்பு முதல் பிரசவம். மூன்று நாள் வலி. பெரிய தலை. இறந்தே பிறந்தது. "அரை வயிறு துண்ணா புள்ள சின்னதா இருக்குமாம், வழுக்கிக்கினு வந்துடுமாம். எங்க அத்த சொல்லிச்சு. எங்க தெருவுல எல்லாரும் அப்டித்தான்."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஊர் நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் முந்தானை முடிச்சில், முக்கால்வாசி அப்படியே.

"ரெண்டு நாளு துண்ணேன். கறுப்பா வெளிக்கிப் பூட்ச்சு. அத்த பயந்துட்டுது. மாத்திர புள்ளய கொழுக்க வச்சிடுமாம்."

நான்கு நாளாக நான் யோசித்தது சாக்குக்கட்டியைப் பற்றி.

நவ. 29, ஞாயிறு

ஏரிக்கு அந்தப் பக்கம், அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மாமியார் குப்பம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ எத்தினி பெத்த டீச்சரம்மா?"

"அத்த!" என்று உள்ளேயிருந்து அஞ்சலை.

"ஒண்ணும் பெறலை," என்றேன்.

"நான் ஏழு பெத்தவ. மூணுதான் தங்கிச்சு. போன தபா இவ கேட்டதெல்லாம் ஆக்கிப் போட்டேன். மீனு, முட்ட, எல்லாம். இன்னா ஆச்சு? பொதைச்சது இந்தக் கை."

கையை நீட்டிக் காட்டினாள். கீரைச்சாறு. 

வெகுநேரம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. நானே அழைத்துப்போவதாக ஏற்பாடு. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், அதனால் செவ்வாய் முதல் பஸ்.

"அங்க இன்னா பண்ணுவாங்கோ?"

"தேவைப்பட்டா இரத்தம் ஏத்துவாங்க."

"யாரு ரத்தம்?"

"சேர்ந்தா என்னோடது."

குப்பம்மாள் முதன்முறையாகச் சிரித்தாள். "அப்ப புள்ள பொறக்கச்சொல்லவே இங்கிலீசு பேசும்."

நவ. 30, திங்கள்

மழை. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் பள்ளி வாசலில் குப்பம்மாள். கையெல்லாம் எண்ணெய், மூச்சிரைப்பு.

"பொறந்துடுச்சு டீச்சரம்மா! பொட்டப்புள்ள. இத்தினூண்டு. ரெண்டு முக்குதான், வந்துடுச்சு. நான் சொல்லல?"

இன்ஸ்பெக்ஷன் நான்கு மணிவரை. வருகைப் பதிவேட்டில் இரண்டு குறை. சாக்குக்கட்டி இருப்பு சரியாக இருப்பதாகப் பாராட்டு.

முடிந்ததும் நேரே போனேன். குழந்தைக்கு உள்ளங்கை அளவு முகம், ஆனால் அழுகிறது. அஞ்சலையின் உதடும் தோலும் ஒரே நிறம். நன்றாகத்தான் பேசினாள்.

"இனிமே வயிறாரத் துண்ணலாமில்ல டீச்சரம்மா?"

"நாளைக்கிடீ," என்றாள் குப்பம்மாள். "பச்ச ஒடம்பு. இன்னிக்கி வெறும் காப்பித் தண்ணிதான்."

ஒரு நாள்தானே என்று நானும் பேசாமலிருந்தேன். பக்கத்திலிருந்த நர்ஸம்மா, பிள்ளை பிறந்துவிட்டாலும் காஞ்சிபுரம் கொண்டுபோவதே நல்லது என்றாள். அதே முதல் பஸ். நான் பயந்தது அதிகமோ? குப்பம்மாள் சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

டிச. 1, செவ்வாய்

முதல் பஸ் ஆறரைக்கு. ஐந்தே முக்காலுக்கு ஆள் வந்து சொன்னான். போனபோது அஞ்சலையை வெளியே கிடத்தியிருந்தார்கள்.

நர்ஸம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "அதிகமா ஒண்ணும் போகல டீச்சர். எல்லாருக்கும் போற ரத்தம்தான் போச்சு. அதைத் தாங்க இவ ஒடம்புல இல்ல."

குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குப்பம்மாள் அடுப்பண்டை. எழுந்து வரவில்லை. பானையில் ஆவி பறக்கும் சோறு, விளிம்புவரை. என்னைப் பார்த்தாள்.

"ஒரு படி வடிச்சேன் டீச்சரம்மா. எழுந்ததும் துண்ணுவான்னு ஒரு படி வடிச்சேன்."