திங்கள் தவிர எல்லா நாளும்

அன்பு மகளே,

உன் அப்பாவுக்குத் திடீரென்று மியூசியப் பைத்தியம் பிடித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பூகோள உருண்டை மியூசியம். நேற்று டிராம் மியூசியம். வியன்னாவில் நாற்பது வருடம் டிராம் ஓட்டிய மனிதர், டிக்கெட் வாங்கிக்கொண்டு டிராம் பார்த்தார்! சவப்பெட்டி மியூசியம் மட்டும் வேண்டாமாம்.

எங்கே போனாலும் என் கோட்டைத் தானே கழற்றி, பையிலிருக்கும் என் கைப்பேசியோடு வாசலில் ஒப்படைத்துவிடுகிறார். "உள்ள சத்தம் கூடாது" என்கிறார். என் பரிசோதனை முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வாரம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்று கடிகார மியூசியம். பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. விடச் சொல்லவில்லை.

அவர் கழிவறைக்குப் போனபோது கோட்டை வாங்கப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஹெர்மினே, "என்னம்மா, உங்க கோட்டு காலையிலேர்ந்து கத்துது! உள்ள இருக்கற கடிகாரமே தேவலை" என்றாள்.

நானே ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை காலை வர வேண்டுமாம். தனியாக வர வேண்டாம் என்றார்கள்.

டிராமில் அவரிடம், "திங்கக்கிழமை எங்க போலாம்?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை ஒரு மியூசியமும் திறந்திருக்காதே" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டார். இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமையே கிராஸ் நகரிலிருந்து ரயிலேறிவிடு. எனக்குத் துணைக்கு அவர் இருக்கிறார். அவருக்குத்தான் யாருமில்லை.

உன் அம்மா