இலைவெட்டிப் பெட்டியும் என் கட்டுரையும்

12-3-1958, புதன். பாகலூர்

சேலத்து விவசாயப் பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் கட்டுரை. ரா. சரோஜம்மாள், பாகலூர். நாலு தடவை படித்துவிட்டேன்.

எங்கள் பட்டுப்புழுக் கொட்டகையில் வேலை செய்யும் கெம்பம்மா, சைக்கிள் சங்கிலியும் கத்தியும் வைத்து இலை நறுக்க ஒரு பெட்டி செய்திருக்கிறாள். கத்திக்கு அடியில் ஈரச் சாக்கு ஓடுகிறது. அதனால் மல்பெரி இலை நசுங்குவதில்லை, கறுப்பதில்லை. எல்லாம் அளவோடு எழுதியிருக்கிறேன்.

அவள் பெயரை எழுதவில்லை. 'ஒரு தொழிலாளி' என்று போட்டேன். வாக்கியம் அப்படித்தான் அழகாக நின்றது.

16-3-1958

அவளிடம் இன்னும் காட்டவில்லை. ஏன்?

2-4-1958, புதன்

கெம்பம்மா கேட்டாள்: "பாப்பா, கிருஷ்ணகிரி வக்கீலண்ட என்னைக் கூட்டிட்டுப் போறியா? இந்தப் பொட்டிய மொதல்ல செஞ்சது நாந்தான்னு சர்க்கார்ல எழுதி வெக்கலாமாமே."

அவளும் புருஷன் ஆஞ்சப்பனும் பெட்டி செய்து விற்கப்போகிறார்களாம். "அப்புறம் உங்கப்பாரு வேற ஆளு தேடணும்" என்று சிரித்தாள்.

7-4-1958, திங்கள்

வக்கீல் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், இது இதற்கு முன் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று. அச்சாகியிருந்தால் கல்கத்தாவில் பேட்டண்ட் தரமாட்டார்களாம். கெம்பம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது — பொய். நான்தான் சொன்னேன்.

19-6-1959, வெள்ளி

கெம்பம்மாவின் பேட்டண்ட் விண்ணப்பத்துக்குக் கல்கத்தாவில் ஒரு பெங்களூர் வியாபாரி ஆட்சேபம் போட்டிருக்கிறான். ஆதாரம் என் கட்டுரை. அவனே பெட்டி செய்து விற்கிறான்; விளம்பரத் தாளில் என் வரிகள், ஒரு எழுத்து மாறாமல்.

வக்கீல் சொன்னார்: "அவளுக்குத் தெரியாம அச்சானதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஏதாவது வழி பார்த்திருக்கலாம். இனிமே யாரு வேணும்னாலும் பெட்டி செய்யலாம். உங்க வரிகளை மட்டும் தொடக்கூடாது. பதிப்புரிமை இருக்கே."

நான் எப்போது அதைக் கேட்டேன்? கேட்கவே வேண்டாமாம். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. நான் செத்து ஐம்பது வருஷம் வரை அந்த வாக்கியங்கள் என்னுடையவை. மூன்று சாயங்காலத்தில் எழுதியவை. அவள் எத்தனை வருஷம் விரலை வெட்டிக்கொண்டு அந்தப் பெட்டியை யோசித்தாள்?

22-6-1959, திங்கள்

சொல்லிவிட்டேன். தட்டில் இலை தூவிக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் கேக்கறப்போவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அதுல எம்பேரு இருக்குதா?"

இல்லை என்றேன். அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டு வாங்கும் தகுதிகூட எனக்கு—

3-7-1959

வியாபாரிக்கு என் பெயரில் நோட்டீஸ் போயிற்று. என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

8-12-1959, செவ்வாய்

அப்பா அந்த பெங்களூர் பெட்டியையே வாங்கி வந்துவிட்டார். இரும்பில் செய்தது, பச்சைப் பெயிண்ட். கூடவே புது விளம்பரத் தாள். கெம்பம்மா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நோட்டீஸுக்குப் பயந்து எல்லா வரியையும் மாற்றி எழுதியிருக்கிறான்.

அவள் குனிந்து கத்திக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள்.

"உங்களுது ஒண்ணையும் அவன் எடுத்துக்கலீங்கம்மா" என்றாள். "எஞ்சாக்கு மட்டும் அப்படியே இருக்குது."

சாக்கை நனைத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். என்னை அவள் அம்மா என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை.