டி டிரைவில் அப்பா குரல்

ஆடி 29, வியாழன்

காலையில் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. இறந்துபோன அப்பா கடைசி வருடம் பேசியதையெல்லாம் பதிவு செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். செக்காலைத் தெருவிலுள்ள கம்ப்யூட்டர் கடையிலிருந்து மகேஸ்வரி பழுதுபார்க்க வந்தாள். “சி டிரைவுல ஒண்ணு, டி டிரைவுல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி வச்சிருக்கேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். “உங்க கோட்டையூர் பழைய வீட்டுல பங்காளிகளுக்கு ஆளுக்கொரு அறை இருக்குல்லக்கா, சியும் டியும் அது மாதிரித்தான். டிஸ்க் ஒண்ணுதான். வீடே விழுந்தா ரெண்டு அறையும் போயிரும். விண்டோஸ் மட்டுந்தான் கெட்டிருக்கு, தப்பிச்சீக.”

சி டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி போட்டாள். டி டிரைவைத் தொடவில்லை. அதிலிருந்த பதிவை ஓடவிட்டதும் அப்பா இருமிவிட்டு, “யாரு, மீனாவா?” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“இன்னொரு காப்பி வேற வீட்டுல இருக்கணும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அமராவதிபுதூரில் தம்பி இருக்கிறான். அப்பா பேசியதைத் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கெஞ்சினான். இடத் தகராறில் நான்தான் கொடுக்கவில்லை. சாயங்காலம் போன் செய்து, “ஒரு பென் டிரைவ் எடுத்துக்கிட்டு வா” என்றேன்.

“இப்பவே வரவாக்கா?” என்றான்.