நீந்தப் பழகுவதாகச் சொல்லிவிட்டேன்

ஜூன் 9, செவ்வாய்.

பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று கிழமை. பிறகு என்ன செய்வீர்கள் என்று தேநீர் நேரத்தில் எல்லோரும் கேட்க, வாய் தவறி, "நீந்தப் பழகப் போறன்" என்றேன். துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் கப்பல்களின் பெயர் எழுதியவன். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

படகோட்டி அந்தோனி விடவில்லை. "நாளைக்கே பழக்கிறன் ஐயா. விடிய ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வாங்கோ. தண்ணியில மூழ்கித் தாண்டுபோனாலும் பென்சன் உங்கட வீட்டுக்கார அக்காவுக்கு வரும், பயப்பிடாதேங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் "ஓம்" என்றுவிட்டேன்.

நாளை போகாவிட்டால், ஓய்வுக்கென்று எழுதி வைத்த வேறெதையும் நான் செய்யப்போவதில்லை. என்னை எனக்குத் தெரியும்.

அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தேன். பிறகு நாலரைக்கு மாற்றினேன். பயப்படுவதற்கு அரை மணித்தியாலம் வேண்டும்.