பலகையில் நான் எழுதிய பெயர்

அன்பு மகள் நீவெஸுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நம்ம ஊர்ப் போ நதியின் பனிமூட்டம் மட்டும் என் முழங்காலில் குடியேறிவிட்டது. அங்கே சுவிட்சர்லாந்தில், பாசலில், நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. எழுபத்திரண்டு வயதில் தொழிற்சங்க மாலை வகுப்பில் கற்ற எழுத்து, என் சொந்தக் கை, மூன்று நாளாக எழுதுகிறேன். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிது.

புரொபசர் கவாஸ்ஸாவின் கட்டுரை அச்சாகி வந்ததென்று பல்கலைக்கழகக் கணித நூலகத்துக்குப் போனேன். முப்பத்துநான்கு வருடம் அந்தக் கணிதக் கூடத்தைப் பெருக்கியவன், முதல் தடவையாக அங்கே உட்கார்ந்து படித்தேன். கணக்கு எனக்கென்ன தெரியும், உன் பெயரைத்தான் தேடினேன். நீதானே சொன்னாய், ஒரு வளைகோட்டை மட்டும் அதன் இடத்தில் விட்டுத் தளம் முழுவதையும் புரட்டும் உருமாற்றங்கள் உண்டு, புள்ளி கோடாக விரியும், கோடு புள்ளியாகச் சுருங்கும், திருப்பிச் செய்தால் பழையபடி வந்துவிடும், எவ்வளவு சிக்கலானதையும் சின்னச் சின்னதாக உடைக்கலாம் என்று புரொபசர் நிரூபித்தார் என்று. ஆனால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் அவர் வழி நடக்காது என்று நீ கண்டுபிடித்து, நடக்கிற வழியையும் அவருக்கு எழுதி அனுப்பினாய். அம்மா சோளக்களி கொட்டும் பொலெந்தாப் பலகையில் மாவு தூவி நீ கோடு கிழித்துக் காட்டிய அதே படம் கட்டுரையில் இருக்கிறது. நாற்பத்தொரு பக்கம் விரல் வைத்துத் தேடியும் ப்ரகாலீனி என்ற நம் பெயர் இல்லை.

நேரே அவர் அறைக்குப் போனேன். "ஓரெஸ்தே, கணக்குல உண்மைதாம்ப்பா முக்கியம், யார் சொன்னா என்ன?" என்று சிரித்தார். "அப்ப மேல உங்க பேரு எதுக்கு அவ்ளோ பெருசா இருக்கு, புரொபசரே?" என்றேன். ரயிலுக்கு நேரமாகிறதென்று கோட்டை மாட்டிக்கொண்டார். நீயும் போன தடவை விடுங்கப்பா என்றாய். எப்படி விடுவது? வசந்தத்தோடு உன் வேலை முடிகிறது, இந்தக் கண்டுபிடிப்பைக் காட்டித்தான் அடுத்த வேலை கிடைக்கும் என்று அம்மாவிடம் அழுதவள் நீதானே.

அன்றே கருத்தரங்க அறைக்குப் போய்ச் சாக்குக்கட்டி எடுத்தேன். பெரிய பலகை நிறைய, "இந்தக் கட்டுரையின் ஓட்டையைக் கண்டவளும் அடைத்தவளும் நீவெஸ் ப்ரகாலீனி" என்று எழுதி, கீழே "அழிக்காதீர்கள்" என்று போட்டேன். எழுத்தே தெரியாத காலத்திலும் அந்த ஒரு சொல்லின் உருவம் எனக்குத் தெரியும். அது இருந்த பலகையில் என் துணி பட்டதில்லை, அங்கே யார் துணியும் படாது. வியாழக்கிழமை வெளியூர்க்காரர்கள் இருபது பேர் முன்னால், புரொபசர் மூலையில் கிடந்த சின்னப் பலகையில் எழுதிப் பேசினாராம். என் இடத்தில் இப்போது பலகை துடைக்கும் ரோசெல்லா சொன்னாள், "அழிச்சிடுன்னு கண்ணாலேயே சொன்னாரு மாமா, நான் ஜன்னலைப் பாத்துட்டு நின்னேன்." பிரான்சின் லியோனிலிருந்து வந்த ஒருவர் உன் பெயரைக் குறித்துக்கொண்டாராம்.

என்னால் ஆனது இவ்வளவுதான். கட்டுரையை அச்சிட்ட பத்திரிகைக்கு நீயே உன் பெயரில் எழுது, இன்றே எழுது, நீ அவருக்கு அனுப்பிய பழைய கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பு. வாய் மூடியிருக்க நாங்கள் உன்னைப் படிக்க வைக்கவில்லை. கம்பளிக் காலுறை போட்டுக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். ஒன்பது நாளாகப் பலகை அப்படியே இருக்கிறது. உன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை, இரண்டு முறை போய்ச் சரிபார்த்தேன்.

கைநாட்டுக்குப் பதில் போட்டுவந்த சிலுவைக் குறியை விட்டுக் கையெழுத்திடும் உன் அப்பா,
ஓரெஸ்தே ப்ரகாலீனி