அத்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள்

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்ப, சென்னை ஏஜென்சி என் சம்பளம் முழுவதையும் கேட்டது. அதனால்தான் அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதில் பாதிக்கு பென்னலூர் கஸ்தூரியை வைத்தோம்.

இன்று கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுவிட்டதால் சீக்கிரமே வீடு திரும்பினேன். அத்தையின் கட்டிலில் கஸ்தூரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எவ்வளவு கெஞ்சியும் ஓர் அடி எடுத்து வைக்காத அத்தை, ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசும்மா. பாவம், விடியறதுக்கு முன்னாடியே கேன்டீன்ல இட்லி ஊத்திட்டு வந்துகீது."

"உங்களால நடக்க முடியுதா அத்தே?"

"அது தூங்குதே. பின்ன டீ யாரு போடுவா?"

பேச்சுச் சத்தத்தில் கஸ்தூரி பதறி எழுந்தாள். "இன்னிக்கு ஒருநாள்தான்க்கா அசந்துட்டேன்."

"பொய் சொல்லாத. டெய்லி தூங்குற" என்ற அத்தை, டீயை அவளுக்குத்தான் முதலில் கொடுக்கச் சொன்னார்.

ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தூங்குறதுக்கா சம்பளம்? நாளையோட நிறுத்திடு."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவள நிறுத்து. நானும் படுத்துக்கறேன்."

கணவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நடை பழக்க ஒருவரை வரவழைக்க நினைத்திருந்தோம். அந்தச் செலவு மிச்சம். ஆனால் பயந்துபோயிருக்கும் கஸ்தூரியிடம் நாளை என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. பழையபடி நன்றாகத் தூங்கு என்றா?