கமா இல்லாத தங்கை

அண்ணாவுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது.

நேற்று சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கல் வெட்டுகிறவர் வந்தார். அப்பா நினைவாக நீ ஆஸ்பத்திரியில் நாற்காலிகள் வாங்கிப் போட்டாயே, அந்தக் காத்திருப்பு அறைச் சுவரில் கல்லைப் பதித்து, துணியால் மூடி, வேலை முடிந்தது என்று போன ஆள்தான். கையில் ஒரு சின்ன உளியோடு வாசலில் நின்றார். நீ போன் செய்தாயாம். கடைசி வரியில் ஒரு கமா விட்டுப்போய்விட்டது, திறப்பு விழாவுக்கு முன்னால் வெட்டிவிடு என்றாயாம். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எழுத்தின் உருவத்தைப் பார்த்து வெட்டுகிறவர். எந்த இடம் என்று தெரியவில்லை என்றதும், என் தங்கை இங்கிலீஷ் டீச்சர்தான், அவளைக் கேட்டுக்கொள் என்று என்னிடமே அனுப்பிவிட்டாய்.

"எங்கன்னு கைய மட்டும் வைங்கம்மா. ரெண்டு தட்டு, முடிஞ்சிடும்" என்றார் அவர்.

நான் கை வைக்கவில்லை. டீ கொடுத்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். ஒரு கமாவுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். உன் ஆபீஸில் யாரோ கல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இன்னொரு தங்கையும் உண்டா என்று கேட்டுவிட்டார்களாம். அதற்கு மேல் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"படிக்கிறவன் எல்லாம் இன்னொரு பொண்ணு இருக்கான்னு கேப்பான். அது பேச்சு எதுக்கு இப்ப?"

அது என்றாய். நம் கூடப் பிறந்தவளை, நீ தோளில் தூக்கித் திரிந்தவளை, அது என்றாய்.

இத்தனை வருஷமாக நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்'. என் வகுப்பில் நேற்றுச் சேர்ந்தவர்கள்கூட அதில் தடுமாறுவதில்லை. நீ இங்கிலீஷிலேயே சம்பாதித்து, இங்கிலீஷிலேயே கோபப்படுகிற ஆள். சொந்தத் தங்கைக்கு ஒரு 'ஹூ' போட உனக்கு நாக்கு வளையவில்லை.

கல்லில் இருப்பது நீ எழுதியனுப்பியதுதான். 'ஹிஸ் சன், ஹூ ஸ்டுட் பை ஹிம் டு தி எண்ட்.' மகனுக்குப் பிறகு ஒரு கமா. அதாவது, அப்பாவுக்கு ஒரே மகன். அந்த மகன் கடைசிவரை பக்கத்தில் நின்றான். நீ நின்றது போன் திரையில்தான் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. கல்லில் போட்டுக்கொள், போ. அடுத்தது நான். 'ஹிஸ் டாட்டர் ஹூ லிவ்டு வித் ஹிம்.' இங்கே கமா கிடையாது. கமா இல்லாவிட்டால் அந்த 'ஹூ' வேறு வேலை பார்க்கும். பலரில் ஒருத்தியை விரலால் சுட்டிக் காட்டும். மகள்களில் எவள் என்றால், கூட இருந்தாளே, அவள். அப்படியானால் கூட இல்லாதவள் ஒருத்தியும் இருக்கிறாள் என்று ஆகிறது. கமா போட்டுவிட்டால் மகள் ஒருத்திதான். அவள் கூட இருந்தாள் என்பது சும்மா ஒரு கூடுதல் தகவல்.

நேற்று வகுப்பிலும் பாடம் இதுதான் என்பதை நீ நம்பமாட்டாய். போனதும் பலகையில் இரண்டு வாக்கியங்களையும் எழுதினேன். வெளிநாட்டு வேலைக்குப் படிக்கிற நர்ஸுகளோடு ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரும் வருவார். வகுப்பையே சிரிக்கவைக்கிற ஆள். புள்ளிக்கு ஒரு வால் வைத்தால் ஒரு ஆளே காணாமல் போய்விடுவாரா மேடம், எங்கள் வண்டியில்கூட அவ்வளவு வேகமாகப் போகமாட்டார்களே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பலகையை அழித்துவிட்டு, இன்றைக்குப் போதும் என்று அனுப்பிவிட்டேன்.

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது நீ. உன் நண்பன், தங்கமானவன் என்றாய். அந்தத் தங்கம் கை நீட்டியது. காது கேட்காமல் போகிற அளவுக்கு அடி வாங்கிக்கொண்டு ஒரு பையோடு அவள் இந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது, நீ அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, அவளை உள்ளே சேர்த்தால் நான் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றாய். அப்பா உன்னை இழக்கப் பயந்தார். அவளிடம், கொஞ்ச நாள் பொறுத்துப் போய் இரும்மா என்றார். அவள் போனாள், அவனிடம் இல்லை. ஒரு விடுதி அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டாள். நான் அன்று அப்பாவோடு சண்டை போட்டேன், உன்னோடும் போட்டேன். யார் கேட்டீர்கள்?

அவளுக்கு வேலை கிடைத்தது ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். நீ கல் வைத்திருக்கிற அதே ஆஸ்பத்திரி. இது உனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அங்கே சேர்த்தபோது, விரிப்பு மாற்ற வண்டி தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

அப்பாவுக்கு அந்த நோயில் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. ஆள் தெரியும், பெயர் வராது. அதனால் ஒவ்வொருவரையும் அவரவர் செய்வதை வைத்துச் சொல்வார். டாக்டர், 'குத்தறவர்'. நான், 'திட்டறவ'. அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பொய் இல்லை. நீ, 'போனுக்குள்ள இருக்கறவன்'. இங்கிலீஷில் 'ஹூ' போட்டு இழுத்துச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சேர்த்த புதிதில் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"போனவ எங்க?"

ஒரு நாள் அவள் வண்டியோடு உள்ளே வந்தாள். அவள் விரிப்பை மாற்றினாள், தலையணை உறையை மாற்றினாள், அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். பிறகு தினமும் வந்தாள். அவளுக்கு ஒதுக்கிய வார்டு வேறு மாடியில் இருந்தது, முதல் நாள் வேறொருத்திக்குப் பதிலாகத்தான் வந்திருந்தாள்; பிறகு மேற்பார்வை பார்க்கிற அம்மாவிடம் கேட்டு மாற்றிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வந்து அவருக்கு ஊட்டிவிட்டாள். கொஞ்ச நாளில் அப்பா கேட்பது மாறிவிட்டது. 'போனவ' என்ற சொல்லையே விட்டுவிட்டார். கதவைப் பார்த்துக்கொண்டு, 'வர்றவ எங்க' என்று கேட்பார். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவள்தான் கெஞ்சினாள். அப்பாவிடம் நீ போனில் ஏதாவது சொல்லிவிடுவாய், மறுபடியும் 'போனவ' ஆகிவிடுவேன் என்று பயந்தாள்.

அப்பா போனதும் நீ வந்தாய். வீடு நிறைய ஆள். நான் இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், வேலை உடுப்போடு ஓடிவந்தவளை நீ கேட்டிலேயே நிறுத்தியிருக்கிறாய். இவ்வளவு பேர் இருக்கிறபோது எதற்கு வந்தாய், கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டாயாம். எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் நீ விமானம் ஏறிய பிறகு. அவள் சண்டை போடவில்லை. தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய், அப்பாவை எடுக்கும்வரை நின்றிருக்கிறாள், கூட்டத்தில் நான் அவளைக் கவனிக்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்திருந்தால், அண்ணன் என்றும் பார்த்திருக்கமாட்டேன், அவ்வளவு பேர் என்றும் பார்த்திருக்கமாட்டேன்.

இன்று விடியற்காலையில் இதுவரை எழுதிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போது எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. நீ யாரை மறைக்கப் பார்த்தாயோ, அவளை நீயே உன் அவசரத்தில் கல்லில் வெட்டிவைத்துவிட்டாய், இனி ஒருவரும் கமா போட விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கல் வெட்டுகிறவர் வந்து காத்திருந்தார். துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னவள் வண்டியோடு அந்தப் பக்கம் வந்தாள். தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் அவள் போகவேண்டும், தெரியுமா உனக்கு? வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கூட்டிப் படித்தாள். இதில் நான் இருக்கிறேனா அக்கா என்று கேட்டாள். இருக்கிறாய் என்றேன். கமா இல்லாததால் எப்படி இருக்கிறாய் என்று, வகுப்பில் சொல்வதைவிட நன்றாக, பெருமையாகவே சொன்னேன். நீ கமா போடச் சொன்னதையும் நான் தடுத்ததையும் சொன்னேன். ஒழுங்காகக் கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"கமாவ வச்சிடச் சொல்லுக்கா. யாரோ மறந்துட்ட எடத்துல நான் ஒளிஞ்சிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. துணியை அவளே இழுத்து மூடிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். உன் மேல் இருந்த கோபத்தில் நான் இலக்கணத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அவள் கேட்டது இலக்கணம் இல்லை.

கல் வெட்டுகிறவர் எங்கள் பேச்சைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தார். பிறகு துணிக்குள் கை விட்டு, கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் வைத்துக் காட்டினார். இன்னொரு வரி தாராளமாகப் பிடிக்கும், எழுதிக் கொடுத்தால் திறப்புக்குள் முடித்துவிடுகிறேன் என்றார்.

அந்த வரியை நான் எழுதமாட்டேன். எனக்கு ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் நான் எழுதினால் அது டீச்சர் எழுதியதாகிவிடும். நீ எழுது. நம் தங்கையை வைத்து ஆரம்பி, அதன் பிறகு 'ஹூ' போடு, அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று நீயே யோசித்துப் போடு. தப்பிருந்தாலும் திருத்தமாட்டேன், அப்படியே வெட்டச் சொல்வேன். அந்த வரி வராமல் அந்தக் கல்லில் ஒரு புள்ளிகூட விழாது. துணியும் விலகாது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வந்து நின்றாலும் சரி, நான் கல்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். உட்காரத்தான் நீ நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறாயே.

இன்னொன்றும் எழுதவேண்டும், இதை எழுத எனக்குப் பிடிக்கவே இல்லை. மத்தியானம் சலவைப் பிரிவுக்குப் போய் அவளைப் பார்த்தேன். உன்னை இரண்டு வார்த்தையாவது திட்டுவாள், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று போனேன். அவள் ஈர விரிப்புகளை உதறிக்கொண்டே, அண்ணாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். அன்றைக்குப் பார்த்தபோது ஒரேயடியாக இளைத்துப்போயிருந்தான், சட்டை தோளில் நிற்கவில்லை, டெஸ்ட் எடுக்கச் சொல்லு என்றாள். தெருவின் அந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் போலிருக்கிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டெஸ்ட் எடுத்துக்கொள். எடுத்ததும் முடிவை எனக்குச் சொல்லாதே, அவளுக்குச் சொல். அவளுடைய எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்துவிடுவாள். முதலில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சும்மா இரு, அவளே ஆரம்பிப்பாள். இடது பக்கம் காது கேட்காது, கொஞ்சம் உரக்கப் பேசு.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் தங்கைகளில் மூத்தவள்